பேனருக்குப் பின்பக்கம்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்று ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு பேனர் அடித்தேன். கல்யாணம் நான்கு, காதுகுத்து இரண்டு, சாவுக் கேதம் மூன்று, மருந்துக்கடைத் திறப்பு ஒன்று. பதினோராவதுதான் விசேஷம்.

மேலப்பாளையத்திலிருந்து ஃபஹ்மிதா என்று ஒருவர் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறாராம். நம் பக்கத்துப் பெண் ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். மார்ச் எட்டில் பாளையங்கோட்டையில் திறப்பு. எந்தப் பெண்ணும் அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் சுவரேறாது. வெளியூரிலிருந்து மூன்று நடுவர்கள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். யார் வரைந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். விதிகளை அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன்: "சொந்தக் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். அச்சிட்ட படம் ஏற்கப்படாது."

கடை முதலாளி சிவசண்முகம் அண்ணாச்சி பின்னால் நின்று, "மூலையில ஒரு மயிலு வையம்மா, பொம்பளைக காரியம்லா" என்றார். அண்ணாச்சிக்குக் கேதப் பேனரிலும் மயில் வேண்டும். ஃபஹ்மிதா மேடம் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க வரைவீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

21 ஜனவரி

வரைவேன். எனக்குத் தெரியும், மொட்டைமாடிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாமல் வைத்திருந்தது யார்? நான்தான்.

26 ஜனவரி, ஞாயிறு

ஆரம்பித்தாயிற்று.

துணி வாங்கவில்லை. கடையில் ரத்தான பேனர்கள் பின்னறையில் சுருட்டிக் கிடக்கின்றன. தேதி மாறியது, அளவு மாறியது, கல்யாணமே நின்றுபோனது, இப்படி. அதில் ஒன்றை அண்ணாச்சியிடம் கேட்டு எடுத்து வந்தேன். ஆறடிக்கு நாலடி. நான் எப்போதும் இவற்றின் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் வரைவேன். பெயிண்ட் பிடிக்காது, வழுக்கும். அதனால் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, மேலே பிரைமர் பூசி, அப்புறம் வண்ணம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலைந்து பேனரைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது.

வரைவது பஸ். தினமும் சேரன்மகாதேவியில் ஏறி ஜங்ஷனில் இறங்குகிற என் டவுன் பஸ். உள்ளே பெண்கள் மட்டும். பூக்காரி, டீச்சர், ஆஸ்பத்திரி ஆயா, ஜவுளிக்கடைக்கு ஒரே நிறச் சேலையில் போகிற பிள்ளைகள். ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குகிறாள். அது நான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்காரர் குமரகுருபரன் மாடிக்கு வந்து ஐந்து நிமிஷம் பார்த்தார். அவர் அந்தத் தடத்தில் கண்டக்டர்.

"ஏட்டி, பஸ்ஸு பூரா பொம்பளையா இருக்கு. கண்டக்டர எங்க?"

"உங்களுக்கு இடமில்ல. எல்லாருக்கும் ஃப்ரீ டிக்கெட்டு, கண்டக்டருக்கு என்ன வேல?"

"அப்பம் வண்டி எப்பிடிப் போகும்? விசில் யாரு குடுப்பா?"

பதில் சொல்லாமல் பூக்காரியின் கையை முடித்தேன். அந்தக் கை நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது.

9 பிப்ரவரி

முடிந்தது. நடுவில் ஒரு ஜன்னலோர இருக்கையில் மட்டும் ஆள் வைக்கவில்லை. யாரை வைத்தாலும் சரிப்படவில்லை. வெள்ளையாகவே விட்டு, வெயில் மாதிரி மெல்லிசாக ஒரு மஞ்சள் மட்டும் பூசினேன். சுவரில் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று.

அனுப்புவதற்குள் நாலு தடவை அழித்து அழித்து எடுத்தேன். கடையில் பதினோரு வருஷத்தில் எத்தனை மாப்பிள்ளைகளைக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கியிருப்பேன், ஒன்றையும் இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை.

15 பிப்ரவரி, சனி

முதல் சுற்றில் தேறிவிட்டது! என் எண் 88. இனி அசலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். "ஆகாட்டா அல்வா கசக்குமா?" என்கிறார்.

22 பிப்ரவரி

படத்தைச் சுருட்டி, அவருடைய பஸ்ஸிலேயே ஏற்றி, பாளையங்கோட்டையில் சேர்த்துவிட்டோம். ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம். உயரமான ஜன்னல்கள். ஃப்ளெக்ஸ் என்பதால் பலகையில் நிற்காது, கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

எழுதி முடித்தால்தான் மனசு ஆறும்.

காலை ஒன்பதரைக்கு ஃபஹ்மிதா மேடத்திடமிருந்து போன். "எண்பத்தெட்டு கொஞ்சம் வர முடியுமா? நடுவர்கள் ஒரு விஷயம் கேக்கிறாங்க."

போனதும் மண்டபத்து வாசலில் நிறுத்தி, "இங்கிருந்தே பாருங்க" என்றார். பார்த்தேன். என் பஸ்ஸை இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் காலியாக விட்டிருந்த அந்த ஜன்னலோர இருக்கையில் ஒரு வயசான பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை, சிரித்த முகம். பஸ்ஸின் கூரையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிய எழுத்து.

பேனரின் மறுபக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ஃப்ளெக்ஸ் மெலிந்து, உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தே பார்த்ததால் எனக்குத் தெரியவே இல்லை. தரையில் குப்புறப் போட்டபோது பார்த்ததோடு சரி, ஆழ்வார்குறிச்சிக்காரர்களுடைய பேனர், பதினாறாம் நாள் தேதியை அண்ணாச்சி மாற்றி அடித்ததால் ரத்தானது.

வரைந்தவர் முகத்தை நடுவர்கள் பார்க்கக்கூடாதாம். என்னைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். கேள்வியை மேடம் கொண்டுவருவார், பதிலை எடுத்துக்கொண்டு போவார். பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் நடப்பது மாதிரி.

முதல் கேள்வி: இந்த முகம் ஜன்னலில் தெரிய வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததா?

இரண்டு நடுவர்கள் அதைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார்கள் என்று மேடத்தின் முகத்திலேயே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. யாரால் இல்லையென்று சொல்ல முடியும்?

"இல்ல மேடம். எனக்குத் தெரியாது. இன்னைக்கித்தான் நானே பாக்கேன்."

"இதையே சொல்லட்டுமா?"

"இதையே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கேள்வி வந்தது. பின்னால் இருக்கிற அச்சுப்படம் யாருடையது? இன்னொருவர் உழைப்பென்றால் படத்தைத் தள்ள வேண்டியதுதான்.

யாருடையதா? எங்கிட்டயா கேக்காவ? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மாளுக்கு உலகத்தில் இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டை. அதைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பாதி மூடின கண், பயந்த முகம். சேலை நான் போட்டது. சிரிப்பு நான் வைத்தது. கண் கிடைக்காமல் கடைசியில் என் கண்ணையே போனில் எடுத்து, வயசாக்கி, சுருக்கம் போட்டு வைத்தேன். மூன்று நாள் வேலை. யாருடையதுன்னு கேட்டா? ரெண்டு பக்கமும் நான்தான்!

இதையெல்லாம் அப்படியே சொன்னேன். கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "நல்லா இருக்குங்கிறதுக்காக விதியை விட முடியாது." சுப்ரஜா. சென்னையிலிருந்து வந்த நடுவர் என்று மேடம் சொன்னார். கண்காட்சிப் பேனரில் அவர் பெயரை அடித்ததே நான்தான்.

முடிவு இதுதான். வியாழன் மாலைக்குள் இரண்டு தாள் வேண்டும். அந்த முகத்தைச் செய்தது நான்தான் என்று கடையிலிருந்து ஒன்று. இறந்தவர் முகம் என்பதால் குடும்பத்தின் சம்மதம் ஒன்று. ஒன்று குறைந்தாலும் படம் கிடையாது.

வீட்டுக்காரர் கேட்டார்: "மொதல்லயே ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம். அப்புறம் அந்தப் பொய்யப் பாராட்டுனா யாரு நின்னு கேக்க?"

24 பிப்ரவரி, திங்கள்

அண்ணாச்சி எழுதித்தர மாட்டேன் என்கிறார்.

"கடையில செஞ்சது கடைக்கு. நாளைக்கே நீ எதிர்த்த கடைக்குப் போயி இந்தக் கடுதாசியக் காட்டுனா எனக்கு எவன் வருவான்?"

"நான் எங்க போகப்போறேன் அண்ணாச்சி?"

"நீ போமாட்ட. உன் பேரு போகும்."

அவர் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் வயிறு எரிகிறது. பதினோரு வருஷம்! நாளை லீவு என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை.

25 பிப்ரவரி, செவ்வாய்

செங்கோட்டை ரயிலில் ஆழ்வார்குறிச்சி. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இறந்தவரின் மகள் முத்துராணி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே கூட்டிப்போனார்.

சுவரில் அந்த முகம். பேனருக்கு நான் செய்ததையே சின்னதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். புதுப் பூ. கீழே விளக்கு. நான் செய்த ஒரு முகத்துக்கு முன்னால் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு ஒரு வீடு நடக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தம்பி சொரிமுத்து, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். எகிறிவிட்டார்.

"கேதத்துக்கு அடிச்ச பேனர கண்காட்சியில மாட்டுவியளோ? போறவன் வாறவன்லாம் வேடிக்க பாக்கதுக்கா எங்கம்மா?"

அவர் சொன்னதில் தப்பு என்ன? தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது முத்துராணியக்கா சொன்னார்: "ஏலே, சும்மா இரு. அந்தப் பிள்ள எவ்வளவு அழகா செஞ்சு தந்திருக்கா. கண்ணப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. முந்தாநாள் அந்நியர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, இந்த வீட்டில் மறைப்பதா?

"அக்கா, கண்ணு உங்கம்மாவோடது இல்ல. ஆதார் படத்துல கண்ணு மூடியிருந்துச்சு. என் கண்ண எடுத்துத்தான் வச்சேன்."

சொரிமுத்து சட்டத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

முத்துராணியக்கா சிரித்தார். "எனக்குத் தெரியாதா பிள்ள? எங்கம்மாவுக்கு வலது கண்ணுல பூ விழுந்து பன்னெண்டு வருஷம். ஆப்பரேசனுக்கு வான்னா வரமாட்டா, பயம். இந்தப் படம் வந்தன்னைக்கே பாத்துட்டேன், ரெண்டு கண்ணும் பளிச்சுனு இருக்கேன்னு. அந்தக் கண்ணு சரியாயிருந்தா அவ எப்பிடி இருப்பான்னு பாக்க ஆசப்பட்டுக்கிட்டே இருந்தேன். நீ காட்டிட்ட."

நான் அழுதேன். எழுத வெட்கமாக இல்லை.

அப்புறம் போனில் படத்தைக் காட்டினேன், வெயிலோடு மேடம் எடுத்து அனுப்பியிருந்தது. அக்கா ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தம்பியிடம் நீட்டி, "பஸ்ஸுல போனா அம்மா வாந்தி எடுப்பா, ஜன்னலோரம் கேப்பா, எவளும் எந்திரிக்க மாட்டா. பாருலே, உக்காந்திருக்கா" என்றார்.

சொரிமுத்து பார்க்கவில்லை. ஆனால் பேனாவை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

27 பிப்ரவரி, வியாழன்

செவ்வாய்க்கிழமை நான் இல்லாதபோது அசன் மைதீன் பாய் மகன் கல்யாணப் பேனருக்கு வந்திருக்கிறார். அண்ணாச்சியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாப்பிள்ளை முகத்தைச் சரிசெய்திருக்கிறார். பாய் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எங்க சல்மானா, மஞ்சக்காமால வந்தவனா?" என்றாராம். நேற்று நான் வந்து சரிசெய்து கொடுத்தேன். மயில்கூட நானாகவே வைத்தேன்.

இன்று நான்கு மணிக்கு அண்ணாச்சி தானே ஒரு தாளை நீட்டினார். கடை முத்திரையோடு. "மேற்படி அம்மாளின் முகத்தை எங்கள் கடையில் விஜயஸ்ரீ என்பவர் மூன்று நாள் இருந்து செய்தார். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேறு உதவி எதுவும் நான் செய்யவில்லை."

"இது போதுமா, இன்னும் எழுதணுமா?" என்றார்.

போதும் அண்ணாச்சி. இதற்கு மேல் எந்த நடுவரும் எழுத முடியாது.

ஐந்தரைக்குத் தாள் இரண்டையும் மேடம் கையில் கொடுத்துவிட்டேன்.

28 பிப்ரவரி

எண்பத்தெட்டு தேர்வு. வந்தது இருநூற்று நாலு படம், மாட்டுவது நாற்பத்தாறு. அதில் ஒன்று என்னுடையது. என்னுடையது! என்னுடையது!

8 மார்ச், சனி

திறப்பு.

என் படம் சுவரில் இல்லை. ஒவ்வொரு சுவராகத் தேடினேன். அப்புறம் பார்த்தால் மண்டபத்துக்கு நடுவே இரண்டு கம்பு நட்டு, ஜன்னல் வெயில் விழுகிற மாதிரி தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்க்கலாம். பஸ் பக்கத்தில் ஒரு சீட்டு: 'விஜயஸ்ரீ, சேரன்மகாதேவி. ஃப்ளெக்ஸில் வண்ணம்.' முகத்துப் பக்கத்தில் இன்னொரு சீட்டு: 'விஜயஸ்ரீ, சேரன்மகாதேவி. அஞ்சலிப் பேனர்.' சுப்ரஜா மேடம் சொல்லித்தான் இப்படி வைத்தார்களாம்.

அவர் என்னிடம் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். இரும்பு மாதிரி ஒரு பாட்டியை நினைத்து வைத்திருந்தேன்.

"திட்டமிட்டுச் செஞ்சேன்னு நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். வெளிச்சத்துக்குன்னு செஞ்சவங்க அந்தக் 'கண்ணீர் அஞ்சலி' எழுத்தை மறைச்சிருப்பாங்க. தெரியாதுன்னு சொன்னதாலதான் அடுத்த கேள்வியே கேட்டேன்."

முதல் பரிசு உவரி ரீபாவுக்கு. மீன் ஏலத்தில் சத்தம் போடுகிற பெண்கள், கரித்துண்டால் வரைந்தது. அந்தப் படத்தின் முன்னால் நின்றால் காது அடைக்கிறது. அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். எனக்கு நடுவர்களின் சிறப்புப் பாராட்டு. மேடையில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். ரீபா என் காதில், "யக்கா, ஒங்க பஸ்ஸுல எங்க மீன்கூடைய ஏத்துவாவளா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதுதான் பேப்பரில் வரும் போட்டோ.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ஆழ்வார்குறிச்சித் தெருவே இறங்கியது. முத்துராணியக்கா, பீடி சுற்றுகிற பெண்கள் பதினைந்து பேர், எல்லோரும் பட்டு. சொரிமுத்து கடைசியில் இறங்கி, நேராகப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மத்தியானம் வரை நகரவில்லை. கிட்டே வந்தவர்களிடமெல்லாம், "பைய பாருங்க, தொடாதிய. எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் யார் வரைந்தது என்று கேட்டதற்கு என்னைக் கை காட்டினார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு சொல் தேடவில்லை.

16 மார்ச், ஞாயிறு

கடைசி நாள். பேட்டையிலிருந்து அர்வா என்று கல்லூரிப் பிள்ளை ஒருத்தி மூன்றாவது தடவையாக வந்தாள். ஃப்ளெக்ஸில் பெயிண்ட் எப்படி நிற்கிறது என்று கேட்டாள். உப்புத்தாள் நம்பரைக்கூட எழுதிக் கொடுத்தேன்.

ஒரு ஹோட்டல்காரர் படத்தை வாங்கக் கேட்டாராம். கொடுப்பதற்கில்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். யாருக்கு என்று முடிவு செய்தாயிற்று.

23 மார்ச், ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும் படத்தை ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். முத்துராணியக்கா முதலில் வாங்கவே மாட்டேன் என்றார். அப்புறம் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு பெரிய சுவர்தான் இருக்கிறது, வாசலுக்கு நேரே. அங்கே ஜன்னல் கிடையாது, பின்னாலிருந்து வெளிச்சம் வராது. ஒரு பக்கம்தான் தெரியும்.

எந்தப் பக்கம் என்பதை நான் கேட்கவில்லை. இது அவர்கள் அம்மா. முகத்தை வெளியே வைத்துப் பேனரைத் தூக்கிப் பிடித்தேன். பஸ் சுவரோடு போகும். போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மனசு தேறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா எட்டி நின்று பார்த்தார்.

"பிள்ள, திருப்பு."

"அக்கா, அப்பம் அம்மா சுவத்துப் பக்கம் போயிருவாவ."

"போனா என்ன? ஜன்னலோரந்தான் இருக்கா, எனக்குத் தெரியும். வாறவுக உன் படத்தப் பாக்கட்டும்."

சொரிமுத்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி நின்று, பஸ் வாசலைப் பார்க்கும்படி ஆணி அடித்தேன்.